பழைய இல்லங்களில் அடுக்களையும் குளியலறையும்: புதுக்கும் முறைமை

குறுந்தொகையின் 167-ஆம் பாட்டு கூடலூர் கிழார் இயற்றியது. புதுமனையில் கணவனுக்குத் தன் கையாலேயே புளிக்குழம்பு ஆக்கும் இளையாளின் கண்களில் தாளிப்புப் புகை நிறைந்ததை அப்பாட்டு காட்டுகின்றது. சிலப்பதிகாரத்தில் மாதரியின் மனையில் கோவலனுக்காகச் சமைத்த கண்ணகியின் முகம் வியர்த்தது; கண்கள் சிவந்தன. இவ்விடங்களின் சுவையை வகுப்பறைகளில் ஆண்டுதோறும் விரித்துரைத்து வருகின்றோம். அன்பின் பெருக்கம் என்கின்றோம்; இல்லறத்தின் மாண்பு என்கின்றோம். அப்புகை வெளியேற அவ்வீட்டில் வழி இருந்ததா என்று மட்டும் நாம் கேட்டதில்லை.

கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் தொடக்கம். நம் ஊர்களில் நூறாண்டும் அதற்கு மேலும் கண்ட இல்லங்கள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. இடிபடாதவை பூட்டிக் கிடக்கின்றன. காரணம் கேட்டால் பாகப்பிரிவினை என்பர், பராமரிப்புச் செலவு என்பர், பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட்டனர் என்பர். இவை யாவும் உண்மையே. ஆயினும் அவ்வீடுகளில் குடியிருந்தவர்களை, அவர்களுள்ளும் பெண்டிரை, அருகிருந்து வினவினால் வேறு இரண்டு காரணங்கள் வெளிப்படும். ஒன்று அடுக்களை; மற்றொன்று குளியலறையும் கழிப்பறையும். முகப்பும் திண்ணையும் தூணும் எவரையும் வீட்டைவிட்டு வெளியேற்றுவதில்லை. இவ்விரண்டு இடங்களே வெளியேற்றுகின்றன. ஆகவே பழைய இல்லத்தைக் காக்க விழைவோர் முதலில் சீர்செய்ய வேண்டியவையும் இவையே. அதேவேளை, முறையறியாது சீர்செய்யப் புகுந்தால் வீட்டையே அழிக்க வல்லவையும் இவையே. இவ்விரு உண்மைகளையும் ஒருசேர விளக்குவதே எம் நோக்கம்.

பழைய மனையின் அமைப்பு

'அடு' என்னும் வினையடியாகப் பிறந்தவை அட்டில், அடுக்களை, அடுப்பு, அடிசில் என்னும் சொற்கள். நெருப்பும் புகையும் நீரும் ஓரிடத்தில் கூடும் இவ்விடத்தை முன்னோர் வீட்டின் பின்புறத்தில் வைத்தனர். செட்டிநாட்டு இல்லங்களை எடுத்துக்கொள்வோம். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெரு வரை நீளும் அவ்வீடுகளில், சமையல் வேலைகள் பின்கட்டுக்கு உரியன. பர்மாத் தேக்கும், ஆத்தங்குடிக் கற்களும், வெண்கரு கலந்து பளபளப்பேற்றிய சுண்ணாம்புப் பூச்சும் விருந்தினர் காண்பவை. பின்கட்டின் கரிபடிந்த உத்திரங்கள் வீட்டுப் பெண்டிரும் பணியாளரும் மட்டுமே கண்டவை. செட்டிநாட்டு ஊர்த்தொகுதி 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. அப்பெருமை முகப்புக்கு மட்டும் உரியதன்று, பின்கட்டுக்கும் உரியது.

நெருப்பைப் பின்னே வைத்ததில் அறிவு உண்டு. மரமும் ஓலையும் மிகுந்த காலத்தில் தீ பரவாதிருக்க அது காவல். நீரைப் பின்னே வைத்ததிலும் அறிவு உண்டு. குளிப்பதும் துவைப்பதும் கிணற்றடியில் நிகழ்ந்தமையால் வீட்டுச் சுவர்கள் உலர்ந்தே நின்றன. கழிப்பிடமோ கொல்லையின் கோடியில், சந்தை ஒட்டி அமைந்தது. அவற்றுட் பல எடுப்புக் கழிப்பிடங்கள். ஒரு மனிதர் சந்தின் வழியே வந்து, பின்புறத்துச் சிறு கதவைத் திறந்து, மற்றவர் கழிவைத் தம் கையால் அள்ளிச் சென்றார். 1993-ஆம் ஆண்டின் சட்டம் இதனைத் தடைசெய்தது. 2013-ஆம் ஆண்டின் சட்டம் மேலும் கடுமையாக்கிற்று. பழைய வீட்டின் மரபைப் போற்றுவோர் அச்சிறு கதவையும் மரபு என்று போற்ற இயலாது. எதைக் காப்பது, எதை மாற்றுவது என்னும் தெளிவு இங்கிருந்து தொடங்குகின்றது.

தூரமான வழி

எம் பாட்டனார் இல்லம் கடலோர ஊர் ஒன்றில் உள்ளது. கிளிஞ்சல் சுண்ணாம்பாற் கட்டிய இரண்டடிக் கனச் சுவர்கள். மரச்சட்டங்கள் தாங்கிய மாடித்தளம். பாட்டியார் படுத்திருந்த கூடத்திலிருந்து கழிப்பறைக்குச் செல்ல இரண்டு தாழ்வாரங்களையும், மூன்று உயர்ந்த நிலைப்படிகளையும், திறந்த கொல்லையையும் கடக்க வேண்டும். மாலைக்குப் பின் அவர் தண்ணீர் அருந்துவதில்லை. நெடுநாள் கழித்தே எமக்கு அதன் காரணம் விளங்கிற்று. இரவில் அவ்வழியே நடக்க நேராதிருக்கவே தாகத்தை அடக்கினார். 1996-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் விடியற்காலை கொல்லைப் படியில் வழுக்கி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. பார்க்கச் சென்ற எம்மிடம், "வீடு பெருசுதான் வாப்பா, வழிதான் தூரம்" என்றார்.

அதன்பின் வீட்டார் விழித்துக்கொண்டனர். கூடத்தை அடுத்த அறையைக் குளியலறையாக்கினர். சுவரைக் குடைந்து குழாய் பதித்து, சிமெண்ட் பூசி, கூரை முட்டப் பளிங்குபோன்ற ஓடுகளை ஒட்டினர். பாட்டியாரின் எஞ்சிய ஆண்டுகள் அதனால் எளிதாயின. அதனை இன்றும் நன்றியோடு நினைக்கின்றோம். ஆனால் அச்சுவரின் மறுபுறத்தில் ஒரு சுவரலமாரி இருந்தது. பாட்டனார் தம் கையால் படியெடுத்த அரபுத்தமிழ் ஏடுகள் அதனுள் இருந்தன. பாட்டியார் மறைந்தபின் ஒருநாள் அதனைத் திறந்தோம். பின்பலகை ஊறி உப்பியிருந்தது. ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன; உட்பகுதியைக் கறையான் உண்டிருந்தது. ஓர் ஏட்டையேனும் பிரிக்க இயலவில்லை. பிழை கொத்தனாருடையதன்று. தமக்குத் தெரிந்த முறையில் அவர் செம்மையாகவே கட்டினார். அச்சுவர் எதனால் ஆனது என்று எவரும் கேட்கவில்லை, பிழை அதுவே.

சுண்ணாம்பும் சிமெண்டும்

பழைய சுவருக்கும் புதிய சுவருக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமல் ஒரு குழாயையும் பதிக்கலாகாது. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்திற் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு நீங்கும். நீரிட்டு நீற்றினால் அது குழைவான சுண்ணாம்பாகும். மணலோடு அரைத்துச் சுவரிற் பூசியபின், காற்றிலுள்ள கரியமில வாயுவை மீண்டும் சிறிது சிறிதாக ஏற்று இறுகும். கல்லாக இருந்தது நீறாகி, மீண்டும் கல்லாகின்றது. இவ்வாறு உருவாகும் காரையில் நுண்துளைகள் மிகுதி. நிலத்திலிருந்தும் மழையிலிருந்தும் சுவர் ஏற்கும் ஈரம் அத்துளைகளின் வழியே ஆவியாகி வெளியேறும். சுவர் 'மூச்சு விடுகிறது' என்று பழைய கொத்தனார்கள் கூறுவது இதனையே.

போர்ட்லாந்து சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் ஆங்கிலேயர் காப்புரிமை பெற்றது 1824-இல். இந்தியாவில் அதனை ஆக்கும் முதல் முயற்சி 1904-இல் சென்னையில் நிகழ்ந்தது. விரைவில் இறுகுதலும் மிகுந்த வலிமையும் அதன் சிறப்புகள். புதிய கட்டடத்திற்கு அவை நன்மை. பழைய சுவருக்கோ அவையே தீமை ஆகின்றன. சிமெண்ட் பூச்சு சுண்ணாம்புச் சுவரைவிடக் கடினமானது. ஈரத்தை எளிதில் விடாதது. உள்ளே புகுந்த நீர் பூச்சுள்ள பக்கம் வெளிவர இயலாமல் மறுபக்கம் தேடும், அல்லது மேலேறும். நீரோடு வரும் உப்பு, அது ஆவியாகும் இடத்திற் படிகமாகி, செங்கல்லின் முகத்தைப் பொடியாக உதிர்க்கும். இதனையே ஓதம் என்றும், உப்புப் பூத்தல் என்றும் கூறுகின்றோம். ஓதம் கண்ட இடத்தில் மீண்டும் சிமெண்ட் பூசுவோர் பலர். அப்பொழுது ஈரம் பூச்சின் எல்லையைத் தாண்டி இன்னும் உயரத்திற் சென்று வெளிப்படும். நோயை மூடினோமேயன்றித் தீர்த்தோமல்லோம்.

எம் இல்லத்தில் நிகழ்ந்ததும் இதுவே. குடைந்த பள்ளத்தில் ஒரு குழாய் இணைப்பு கசிந்தது. குளியலறைப் பக்கம் ஓடுகளும் சிமெண்டும் வழியடைத்தன. நீருக்கு எஞ்சிய ஒரே வாயில் ஏடுகள் இருந்த பக்கம்.

ஆகவே பழைய சுவரின் பூச்சைப் பழுதுபார்க்கச் சுண்ணாம்பையே கொள்ளுதல் வேண்டும். ஈரம் மிகும் இடங்களில் சுண்ணாம்போடு செங்கற்பொடியாகிய சுர்க்கியைக் கலத்தல் நம் நாட்டின் நெடுநாள் வழக்கம். அக்கலவை ஈரத்திலும் இறுகும். எனினும் சுவரை முற்றாக அடைப்பதில்லை. பொறுமை மட்டும் வேண்டும். சிமெண்ட் நாட்கணக்கிற் காயும். சுண்ணாம்புக்கு வாரங்கள் வேண்டும், சில வேளை மாதங்களும் வேண்டும். ஏற்கெனவே நனைந்த சுவராயின் பழைய ஓடுகளையும் சிமெண்டையும் மெல்ல நீக்கி, முதலில் உலரவிடுதல் வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டுநர் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. இரண்டடிச் சுவருக்கு அது இரண்டாண்டு.

நீரின் எடை

மாடியில் குளியலறை அமைக்க விரும்புவோர் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். 'மெட்ராஸ் டெரஸ்' என்று வழங்கும் பழைய மாடித்தளம் கம்பியும் காங்கிரீட்டும் கொண்டதன்று. தேக்குச் சட்டங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வரிசையிற் குத்திட்டு நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தால் இணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்துப் பலநாள் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதித்தனர். மனிதர் நடமாடவும் உறங்கவும் அது போதுமானது. நீரைத் தாங்குவதற்கு அது கட்டப்பட்டதன்று.

கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. 1000 லிட்டர்த் தொட்டி நிறைந்தால் ஒரு டன். மாடிக் குளியலறையின் கழிவுக்குழாயை மறைப்பதற்காகத் தரையை ஓரடி உயர்த்திச் செங்கல் உடைசல் நிரப்பினால், ஆறடிக்கு ஐந்தடி கொண்ட சிற்றறைக்கே அந்நிரப்பின் எடை ஒன்றரை டன்னை நெருங்கும். இவ்வளவும் சில மரச்சட்டங்களின் தலையில் ஏறும். அதனினும் கொடிது கசிவு. மரத்தின் ஈரப்பதம் நூற்றுக்கு இருபதைத் தாண்டினால் பூஞ்சணம் பற்றத் தொடங்கும். சட்டத்தின் முனைகள் சுவருக்குள் மறைந்திருப்பதால் உளுத்துப்போவது கண்ணுக்குத் தெரிவதில்லை. தளம் தொய்ந்தபின்னரே தெரியும்.

ஆகையால் குளியலறை தரைத்தளத்திற்கே உரியது என்பதைப் பொதுவிதியாகக் கொள்ளலாம். நீர்த்தொட்டியைக் கொல்லையில் தனித் தூண்களின்மேல் நிறுத்துதல் நன்று. மாடியில் தவிர்க்க இயலாதாயின், சுமையை மரத்தின்மேல் ஏற்றாது, சுவரிலிருந்து சுவருக்கு இரும்புச் சட்டம் அமைத்து, அனுபவமிக்க பொறியாளர் ஒருவரின் கணக்கின்படியே செய்தல் வேண்டும்.

அடுக்களையைப் புதுக்குதல்

விறகடுப்பின் புகை வெறும் கண்ணெரிச்சல் அன்று. வீட்டுக்குள் எழும் இத்தகைய புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உயிரிழந்தனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீடு. நம் வீடுகளிற் பலவற்றில் எரிவாயு வந்துவிட்டது. ஆயினும் அடுக்களை மட்டும் விறகடுப்புக்கு அமைந்த அடுக்களையாகவே இருக்கின்றது.

பழைய அடுக்களையில் புகை மேலெழுந்து செல்லக் கூரையில் புகைபோக்கி இருந்தது. எரிவாயு வந்ததும் பலர் அதனை அடைத்துவிடுகின்றனர். அது தவறு. தாளிப்பின் ஆவியும் வெப்பமும் வெளியேற அவ்வழி இன்றும் வேண்டும். காற்றை இழுத்து வெளியேற்றும் விசிறி பொருத்துவதற்கும் அதுவே ஏற்ற இடம். அதே வேளையில் சமையல் எரிவாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே செல்லாது, தரையோடு தங்கும். பழைய அடுக்களைகளுட் சில சுற்றுத்தரையைவிடத் தாழ்ந்திருக்கும். அவற்றில் வாயு குளம்போல் தேங்கும். எனவே மேலே ஒரு வழியும், தரைமட்டத்தில் ஒரு வழியும் கட்டாயம் வேண்டும். உருளையைப் பள்ளமான இடத்தில் வைத்தலும் கூடாது.

கரிபடிந்த சுவர்மேல் நேராக வெள்ளையடித்தால் சில நாட்களில் மஞ்சட்கறை மேலெழும். கரியை முதலில் உலர்ந்த தூரிகையால் நீக்கி, பின்னரே சுண்ணாம்பு அடித்தல் முறை. அடுப்பு மேடையைச் சுவரைக் குடைந்து செருக வேண்டுவதில்லை. சுவரிலிருந்து இரண்டங்குலம் விலக்கிச் செங்கற் கால்களை எழுப்பி, அவற்றின்மேல் கடப்பைக்கல்லைக் கிடத்தினால் போதும். சுவரும் காயம்படாது, நாளை மாற்ற விரும்புவோர்க்கும் எளிது. மேடையின் உயரத்தைக் கடையில் விற்கும் அளவுக்கு விட்டுவிடாமல், அங்கு நின்று சமைப்பவரை நிறுத்தி, அவர்தம் மடக்கிய முழங்கைக்கு நான்கு விரல் தாழ்வாக அமைத்தல் நன்று. வீட்டுக்கு மேடை கட்டும்போது அவ்வீட்டுப் பெண்ணின் உயரத்தைக் கேட்பது ஒரு சிறு செயல். அதனைச் செய்யாத வீடுகளே மிகுதி.

தரையிற் பதித்த ஆட்டுக்கல்லையும் உரலையும் பெயர்த்தெறிதல் வேண்டா. மூலையில் இருந்தால் இருக்கட்டும். ஒரு தலைமுறை கழித்து அவற்றின் பெயர்களை அகராதியிற் காணும் பிள்ளைகள், பொருளை அங்குக் காண்பார்கள்.

இனிக் கழிவுநீர். பாத்திரம் கழுவும் மூலைக்கு அங்கணம் என்று பெயர். திருக்குறளில் இடம்பெற்ற அச்சொல் தென்மாவட்டங்களில் இன்றும் வழக்கில் உள்ளது. காவிரிப்பூம்பட்டினத்து அட்டிற்சாலைகளில் வடித்த கஞ்சி தெருவில் ஆறுபோல் ஓடிச் சேறாகி, தேரோடப் புழுதியாகி, வெண்ணிறக் கட்டடங்களில் மாசாகப் படிந்ததைப் பட்டினப்பாலை வளத்தின் அடையாளமாகப் பாடிற்று. நமக்கு அது எச்சரிக்கையும் ஆகும். முற்றத்தின் வடிகால் மழைநீருக்கென அமைந்தது. அதில் சோப்பு நீரையும் எண்ணெய்ப் பிசுக்கையும் விடலாகாது. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாயிற்று. பழைய முற்றம் அப்பணியை முன்னரே செய்துவந்தது. அந்நீரைத் தூய்மையாக விட்டு, அங்கணத்து நீருக்குத் தனிக்குழாய் வகுத்து, வாழைக்கோ தென்னைக்கோ கொண்டுசெல்லுதல் தக்கது.

குளியலறையை அமைத்தல்

முதற்கேள்வி எங்கே என்பது. முதியோர் உறங்கும் இடத்திலிருந்து நிலைப்படி தாண்டாமல், மழையில் நனையாமல் செல்லக்கூடிய இடமாக இருத்தல் வேண்டும். அதேவேளை வீட்டின் நடுச்சுவர்களை நனைக்காத இடமாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் பொருந்துவது பெரும்பாலும் பின்தாழ்வாரத்தின் ஓரம். அங்கே பழைய சுவரைத் தொடாமல் ஒரு சிற்றறையைப் புதிதாக எழுப்பலாம். பழைய அறை ஒன்றையே பயன்படுத்த வேண்டின், நீர்படும் பக்கங்களில் பழைய சுவருக்கு இரண்டங்குலம் விட்டு மெல்லிய உட்சுவர் ஒன்றை எழுப்பி, ஓடுகளையும் குழாய்களையும் அதன்மேல் பொருத்துக. இடைவெளியின் மேலும் கீழும் காற்றுத் துளைகள் இருக்கட்டும். பழைய சுவர் வழக்கம்போல் மூச்சுவிடும்.

குழாய்களை மறைக்கும் ஆசையை விட்டொழிப்பது நன்று. சுவரின் குறுக்கே நீளப் பள்ளம் குடைந்தால் சுவரின் வலிமை குன்றும். கசிவும் கண்ணுக்குப் புலப்படாது. வெளியே தெரியும் குழாய் கசிந்தால் அன்றே தெரியும். அரைமணி நேரத்திற் சரிசெய்யலாம். நான்கங்குலக் கழிவுக்குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓரடி வாட்டம் வேண்டும். தரையின் நீர்ப்போக்கியில் இரண்டங்குல ஆழம் நீர் எப்பொழுதும் நிற்கும் பூட்டு அமைந்தால் கெட்ட வாடை உள்ளே வராது.

கழிவுத்தொட்டியின் நீரை நிலத்தில் இறக்கும் உறிஞ்சுகுழி, குடிநீர்க் கிணற்றுக்கு 18 மீட்டருக்குக் குறையாமலும், குடியிருக்கும் கட்டடத்திற்கு 6 மீட்டருக்குக் குறையாமலும் விலகியிருத்தல் வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதி. பழைய மனைகளின் நீண்ட கொல்லைகள் இதற்கு இடந்தருவன. 1970-இல் பிந்தேசுவர் பாடக் தொடங்கிய சுலப் இயக்கம் பரப்பிய இரட்டைக்குழி முறையும் உண்டு. ஒரு குழி நிறைந்தபின் அதனை மூடி, மற்றதைப் பயன்படுத்துவர். மூடிய குழியிலுள்ளது ஏறத்தாழ இரண்டாண்டில் தீங்கற்ற உரமாகும். எம்முறையாயினும் ஒன்றை மறத்தலாகாது. தொட்டிக்குள் மனிதர் எவரும் எக்காலத்தும் இறங்க நேரக் கூடாது. உறிஞ்சு வாகனத்தின் குழாய் சந்திலிருந்தே எட்டும்படி மூடியை அமைத்தல் வேண்டும். அச்சிறு கதவின் வரலாறு வேறுவடிவில் தொடர நாம் இடங்கொடுக்கலாகாது.

தரைக்கு வழுக்காத கல்லே ஏற்றது. ஆத்தங்குடிக் கல் அழகியது. ஆயின் அது சூளையிற் சுட்டதன்று. கண்ணாடித் தட்டின்மேல் வண்ணமும் சிமெண்டும் மணலும் இட்டு வார்த்து, நீரில் ஊறவைத்து இறுக்கியது. அமிலம் பட்டால் அதன் வண்ணம் அரிக்கப்படும். குளியலறையைத் தூய்மை செய்ய நாம் வாங்கும் நீர்மங்களுட் பல அமிலமே. எனவே அக்கல்லைக் கூடத்தில் இருக்க விடுவோம். நீர் சூடாக்கும் கருவியைச் சுண்ணாம்புச் சுவரில் தொங்கவிடாது தனிச்சட்டத்தில் பொருத்துக. பழைய மின்கம்பிகளை முற்றும் மாற்றி, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் காப்பை அமைத்துக்கொள்க. கழிப்பறையருகே பற்றி எழுவதற்கு ஒரு கைப்பிடி இருக்கட்டும். அதனைச் சுண்ணாம்புக் காரையில் முடுக்காமல் தரையில் ஊன்றிய தூணோடு இணைப்பது உறுதியானது.

தொடங்குமுன்

வேலை தொடங்குமுன் செய்யத்தக்கன சில. இருப்பதை முதலில் அளந்து வரைக, ஒளிப்படம் எடுக்க. சுவரின் மறுபுறத்தில் என்ன இருக்கின்றது என்று பார்க்க. ஒரு மழைக்காலம் முழுவதும் நீர் எங்கே நிற்கின்றது, எங்கே வழிகின்றது என்று கவனிக்க. சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரைத் தேடுக. அத்தகையோர் குறைந்துவருகின்றனர், ஆயினும் செட்டிநாட்டுப் பகுதியிலும் புதுச்சேரியிலும் இன்றும் உள்ளனர். புதிதாகச் சேர்ப்பது எதுவாயினும் பின்னர்ப் பிரித்தெடுக்கக் கூடியதாக இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவ்விரு இடங்களையும் நாள்தோறும் பயன்படுத்தும் பெண்டிரிடமும் முதியோரிடமும் கேட்டபின்னரே வரைபடத்தைக் கையிலெடுக்க.

எம் இல்லத்தில் இவற்றைக் காலந்தாழ்த்தியே செய்தோம். பழைய குளியலறையை நீக்கி, சுவரை இரண்டு கோடைகள் உலரவிட்டு, சுண்ணாம்பு பூசினோம். பின்தாழ்வாரத்தில் கட்டிய புதிய அறை படுக்கையிலிருந்து பன்னிரண்டு அடிகள்தாம். இடையில் நிலைப்படி இல்லை. நகரத்தில் எம்முடன் இருந்த உம்மா அதன்பின் ஊருக்கே திரும்பிவிட்டார். பூட்டிக் கிடந்த வீட்டில் மாலைதோறும் விளக்கெரிகின்றது. இரவில் அவர் தாகத்தை அடக்குவதில்லை.

அச்சுவரலமாரியும் இன்று நன்கு உலர்ந்திருக்கின்றது. அதில் வைக்க ஏடுகள்தாம் இல்லை.

இம்மலரைப் படிக்கும் மாணவர் பலர்க்கும் ஊரில் ஒரு பழைய வீடு இருக்கும். விடுமுறையிற் செல்லும்போது முகப்பில் நின்று படம் எடுப்பதோடு நில்லாமல், பின்கட்டு வரை நடந்து பாருங்கள். அடுக்களையின் புகை எவ்வழியே செல்கின்றது, பாட்டியார் இரவில் எத்தனை படிகளைத் தாண்டுகின்றார், சுவரலமாரியின் பின்பலகை உலர்ந்திருக்கின்றதா என்று பாருங்கள். ஏடுகள் இருப்பின் முதலில் அவற்றை வெளியே எடுத்து வையுங்கள். பிறகு கொத்தனாரை அழையுங்கள்.